பர்மிட் பாட்டு

எழுதுவதற்கு உனக்கு என்ன அருகதை என்று யாராவது கேட்கலாம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். நாலு பேர் நடுவே பேர் கேட்டால்கூட எனக்குக் குரல் எழும்பாது. இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் நிம்மதி என்று தோன்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரநிலை போய்த் தேர்தல் வந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் எங்களோடு இருந்த தாய்மாமா, மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிடாரும் டிரம்முமாக ஒரு குழு நடத்தினார். சினிமாப் பாட்டு பாட மாட்டார்கள், சொந்தப் பாட்டுதான். அதனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்பா வெற்றிலைகூடப் போடாதவர் என்று தெருவே சொல்லும். "இந்த மாசத்துக்குள்ள நாலு கச்சேரி கிடைக்கலேன்னா கிடாரை வித்துட்டு ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில சேர்ந்துடணும்" என்று மாமாவுக்குக் கெடு வைத்திருந்தார்.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது, கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வேட்பாளர் வரும்வரை ஜனம் கலையாமலிருக்கப் பாட்டு வேண்டும். வழக்கமாகப் பாடுகிறவரை எதிர்க்கட்சி கொத்திக்கொண்டு போயிருந்தது. "இன்னிக்கு நல்லா பாடிட்டேன்னா மீதி பத்து கூட்டமும் உனக்குத்தான் நைனா" என்றார்.

ஆறு மணிக்கு வரவேண்டிய வேட்பாளர் ஏழரைக்கும் வரவில்லை. எங்கள் தெருமுனையில் லாரி மேல் நின்று, மாமா குழு தன்னிடமிருந்த ஆறு பாட்டுகளில் ஐந்தைப் பாடித் தீர்த்துவிட்டது. ஜனம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டது. மிச்சம் பர்மிட் பாட்டு ஒன்றுதான்.

அப்போது மதுவிலக்கு. குடித்தால் போலீஸ் பிடிக்கும். ஆனால் குடிக்காவிட்டால் இவர் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், சர்க்காரே பர்மிட் கொடுக்கும். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நல்லாக்கீறவன் குடிச்சா ஜெயிலு,
நோயாளி குடிச்சா மருந்து!
டாக்டரய்யா, டாக்டரய்யா,
என்னையும் கொஞ்சம் நோயாளியாக்கு!"

எழுந்த ஜனம் உட்கார்ந்தது. ஒன்ஸ்மோர் கேட்டது. நாலாவது ஒன்ஸ்மோரில் செயலாளர் லாரியில் தொற்றி ஏறினார்.

"இன்னா பாட்டு இது? தலைவரு மதுவிலக்கைப் பத்திப் பேச வந்துகினு கீறாரு. நீ சரக்குக்கு சர்டிபிகேட்டு கேக்குறியா?"

"பேச்சுரிமை திரும்பி வந்துடுச்சுன்னு காலையில நீங்கதானே அண்ணே மைக்ல சொன்னீங்க?"

"அது பேசறவனுக்கு நைனா. நீ பாடறவன். இனிமே ஒரு வார்த்தை வந்திச்சு, பத்து கூட்டமும் காலி."

மாமா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மெட்டை மட்டும் வாசித்தார். வார்த்தையை ஜனம் போட்டுக்கொண்டது. "யாரும் பாடாதீங்க!" என்று செயலாளர் மைக்கில் கத்தினார். டிரம்காரர் அதற்கும் தாளம் போட்டார்.

பல்லவி முடிந்து, சரணத்துக்கான இடம் வந்தது. அதை மாமா எழுதவே இல்லை. ஜனம் விழித்தது. என்னையும் அம்மாவையும் கூட்டிப்போக வந்து சோடா வண்டிப் பக்கம் நின்றிருந்த அப்பாவின் குரல் அப்போது கணீரென்று எழும்பியது.

"மேற்படியாருக்குத் தூக்கமின்மை, கைநடுக்கம்,
வாரம் ஒரு புட்டி இல்லையேல்
உயிருக்கு ஆபத்தென்று
இதன்மூலம் சான்றளிக்கிறேன்!"

மெட்டில் அச்சாக உட்கார்ந்தது. விசில் காதைப் பிளந்தது. அந்த இரைச்சலில்தான் வேட்பாளர் வந்து இறங்கினார். கைதட்டல் தனக்கென்று நினைத்து, வெகுநேரம் கும்பிட்டபடி நின்றார். செயலாளர் மாமாவைப் பார்த்து, இனி இந்தப் பக்கமே வராதே என்பது போலக் கையை வீசினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா எங்களைவிட பத்தடி முன்னால், தனியாக நடந்தாள்.

"சரணம் பிரமாதம் அத்தான். யார் எழுதினது?" என்று அப்பாவிடம் மாமா கேட்டார்.

"வாயை மூடிக்கிட்டு வாடா."

எனக்கோ பெருமை தாங்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டுகிற அப்பா எத்தனை பேருக்கு வாய்ப்பார்? அம்மா ஏன் பெருமைப்படவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள், அப்பாவைத் தவிர. கெடு முடிந்த பிறகும் பட்டறைப் பேச்சை அப்பா எடுக்கவில்லை.