சாப்பிட விடாமல் கோயிலுக்கு அழைத்துப் போனேன்

நானும் என் மகளின் மாமியாரும் உல்லாசக் கப்பலில் போனோம். இயந்திரம் பழுதாகி, எல்லாரையும் ஒரு பகலுக்கு லங்காவித் தீவில் இறக்கிவிட்டார்கள்.

“இதுவும் நம்ம கெடா மாநிலம்தான் லா, எனக்குத் தெரியாத இடமா? சாமி கும்பிட்டுத்தான் சாப்பாடு, வாங்க சம்பந்தி” என்றேன். அவர் அப்போதுதான் இன்சுலின் ஊசி போட்டிருந்தார்; உடனே சாப்பிட்டாக வேண்டும். என் பேச்சைத் தட்டக் கூடாதென்று அதைச் சொல்லவில்லை.

வழி தவறி வெயிலில் அலைந்தோம். யாரிடமும் கேட்க என் கௌரவம் விடவில்லை. கோயில் வாசலை அடைந்ததும் சம்பந்தி வியர்த்துச் சரிந்துவிட்டார். பலகாரம் விற்ற மலாய்க்காரப் பெண் இனிப்புத் தேநீர் புகட்டியதால்தான் பிழைத்தார்.

கண் திறந்தவர், “நீங்க சாமி கும்பிட்டீங்களா சம்பந்தி?” என்று கேட்டார்.

இப்போதெல்லாம் எங்கே புறப்பட்டாலும், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சாமி காத்திருக்கட்டும்.