முன்வரிசையில் விழுந்தவன்

இன்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் படக் கொட்டகையில், ஆப்பிரிக்காவின் சூலு இனத்தாரோடு நடந்த சண்டையைப் பற்றிய படம். வெள்ளைக்காரப் பட்டாளம் துப்பாக்கியோடு ஒரு பக்கம், ஈட்டியும் தோல் கேடயமுமாக சூலுக்காரர்கள் மறுபக்கம்.

ஊமைப்படம்தானே, திரையில் எழுத்து வரும்போதெல்லாம் தமிழில் கத்திச் சொல்ல ஓர் ஆள் உண்டு. "பாருங்க, ராட்சசப் பயலுங்க ஓடி வர்றானுங்க!" என்றார் அவர்.

என் பக்கத்தில் ரயில்வே லயத்து முனியம்மா அக்கா. கல்யாணமாகி இங்கே வருமுன், அதே ஆப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். சட்டென்று எழுந்து, திரையில் முன்னால் ஓடி வந்த ஒருவனைக் காட்டி, "ஐயோ, அவன் எங்க பக்கத்து வீட்டு சிபோ!" என்று கத்தினார்.

கொட்டகையே சிரித்தது. நானும்தான்.

"அக்கா, அந்தச் சண்டை நம்ம அப்பா காலத்துல நடந்தது."

"சண்டை அப்ப நடந்துச்சு. படம் இப்பத்தானே புடிச்சாங்க? நடிக்க அந்த ஊரு ஆளுங்களத்தானே கூப்பிட்டிருப்பாங்க?"

அதற்குள் துப்பாக்கிகள் புகை கக்கின. முன்வரிசையில் ஓடி வந்த அந்த சிபோதான் முதலில் விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் முடிந்து விளக்குப் போட்டும் அவர் கிளம்பவில்லை. வெறும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சு முடிச்சதும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பான்ல, தம்பி?"

"போயிருப்பான்க்கா."

"சோறு போட்டிருப்பாங்களா?"

நாளைக்கும் அதே படம். அக்கா மறுபடி வருகிறார். நீங்களும் வந்தால், அவன் விழுந்து கிடக்கும்போது மூச்சில் வயிறு ஏறி இறங்குகிறதா என்று உற்றுப் பாருங்கள். தெரிந்தால், நான் இதை ஒட்டியிருக்கும் இந்த வாசகசாலைப் பலகையில் இதற்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

கைதட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.