நிறுத்ததற்கு மேல் ஒரு கை

அத்தான் லாரி விபத்தில் போன பிறகு அக்காவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. பெண்ணை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது ஒன்று. எங்கள் ஊரான வேப்பந்தட்டையில் இருந்தபடியே தாளிப்பு வடகம் போட்டு இணையத்தில் விற்கலாம் என்று நான் சொன்னது இன்னொன்று. சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமா என்ன?

"ஆடி வரைக்கும் பாக்கறேன். கையில ஒண்ணும் நிக்கலைன்னா பொண்ண விட்டுட்டுப் போய்த்தான் ஆவணும்" என்றாள் அக்கா.

விலை போடுவது என் வேலை. நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் கடையில் பில் போடுகிறவள். வெங்காயம், உளுந்து, விளக்கெண்ணெய், டப்பா, கமிஷன், கூரியர் என்று கூட்டி, கடைசியில் அக்காவின் கூலியையும் சேர்த்தேன். அதற்கே ஒரு சண்டை.

"என் வூட்ல நான் செய்யறதுக்கு யாருடி கூலி குடுப்பா?"

"வாங்கறவங்க குடுப்பாங்க. நீ சும்மா இரு."

ஆர்டர் வந்தது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேட்டார்கள். பணம் மட்டும் நிற்கவே இல்லை. பார்த்தால், ஒவ்வொரு பார்சலுக்கும் கூரியர்காரன் ஒரு கிலோவுக்கான கட்டணத்தைப் பிடித்திருந்தான். டப்பாவோடு அரை கிலோவைத் தாண்டினால் ஒரு கிலோ கணக்கு என்றுதானே நானூறு கிராம் வைத்தேன்!

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அக்கா எதிரில் உட்கார்ந்தேன். அவள் தராசில் சரியாக நிறுத்தாள். டப்பாவில் கொட்டினாள். பிறகு தட்டிலிருந்து ஒரு கை அள்ளி மேலே போட்டு மூடினாள்.

"அடிப்பாவி, என்ன பண்ற?"

"கொசுறுடி. நிறுத்தத அப்படியே கட்டிக் குடுக்கறதா? வாங்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

அந்த ஒரு கைதான் கூலி முழுவதையும் தின்றிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்தது. சண்டை போட்டும் பயனில்லை என்று இறங்கி வந்தேன்: டப்பாவில் முந்நூற்றைம்பது கிராம் என்று எழுதி நானூறுக்கான விலையையே போடுவோம், மிச்சம் ஐம்பதை உன் கையால் அள்ளிப் போடு, எடை தாண்டாது.

அக்கா யோசித்தாள். "அதுக்கும் சேத்துத்தானே வெல வாங்கறோம்? அப்பறம் அது என்னடி கொசுறு? வேஷம்."

உள்ளே அவள் பெண் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, மேலே போட்ட அந்த ஒரு கை வடகத்தை எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள்.

ஆடியும் வந்து போனது. அக்கா திருப்பூர் போகவில்லை. மாதா மாதம் கையில் கொஞ்சம் நிற்கிறது.

போன வாரம் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் எழுதியிருந்தார்: ருசி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் அளந்துதான் கொடுக்கிறீர்கள். படித்துக் காட்டாமல் அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அக்கா போனைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தம்மா சொல்றது நெசந்தானே. எம் பொண்ணு எங்கூடவே இருக்கான்னு எழுதிப் போடுடி" என்றாள்.