நட்சத்திரம் போட்ட கட்டம்

சந்தேகம் என் கூடப்பிறந்தது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் குனிந்து முள்ளைப் பார்ப்பேன். விழுப்புரத்தில் எனக்கு வாய்த்த வேலையும் அதற்கேற்றதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை, கேட்டு வருகிறவர்களுக்கு அட்டவணையாக்கிக் கொடுக்கும் மையம் அது. எந்த ஊரில் எத்தனை பேர் என்று சொல்லலாம். யார் என்று மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒன்றோ இரண்டோ வந்தால், எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரம் போட்டுவிடுவோம்.

போன மாசியில் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் தோல் பை, முகத்தில் தேவைக்கு அதிகமான பணிவு. மயிலம் பக்கத்து ஆறு ஊர்கள், பெண்கள் மட்டும், படிப்பு வாரியாகவும் திருமண நிலை வாரியாகவும் வேண்டும் என்றார். அந்த ஆறில் ஒன்று என் ஊர்.

"எதுக்குங்க இது?"

"லேடீஸுக்கு டைலரிங் கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு பாத்துக்கினு இருக்கோம் மேடம். தனியா இருக்கறவங்களுக்குத்தான் மொத சீட்டு."

ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை. காரணம் உண்டு. என் கணவர் வளைகுடாவில் வேலை பார்ப்பதாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவர் எங்களை விட்டுப் போனபோது மகள் ஆரம்பப் பள்ளியில் படித்தாள். அவளுக்கு மட்டும் விவரம் தெரியும். அந்தச் சமயத்தில் கணக்கெடுக்க வந்த டீச்சரிடம், ஏன் என்றே தெரியவில்லை, "பிரிஞ்சு வாழறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது அதே மகளைத் திண்டிவனத்தில் ஒரு வீட்டில் கேட்டிருந்தார்கள். பையனுக்கும் அவளுக்கும் பிடித்துவிட்டது. அவர்களிடமும் வளைகுடா கதையைத்தான் சொல்லியிருந்தேன். திண்டிவனத்து ஆள் என் ஊர்ப் பெண்களைப் பற்றி விசாரிக்க வந்தால் நான் வேறென்ன நினைப்பது?

கோப்பைத் திறந்தேன். என் ஊர், பட்டதாரிப் பெண்கள், பிரிந்து வாழ்பவர்: ஒன்று. அந்த ஒன்று நான். அவசரமாக நட்சத்திரம் போட்டேன். மூன்று நாள் இழுத்தடித்து, வேறு சாக்கு கிடைக்காமல் தாளைக் கொடுத்தேன்.

அன்று மாலை ஊருக்குத் திரும்பும் பஸ் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்றபோதுதான் செய்த தப்பு உறைத்தது. கட்டத்தை மறைத்தேனே தவிர, வரிசைக் கடைசியில் மொத்தத்தை அப்படியே விட்டிருந்தேன். மணமாகாதவர், மணமானவர், விதவை என எல்லாவற்றையும் கூட்டி மொத்தத்திலிருந்து கழித்தால் நான் வெளியே வந்துவிடுவேன். ஒரு கட்டத்தை மறைத்தால் அதே வரிசையில் இன்னொன்றையும் மறைக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் என் தாளைச் சந்தேகப்படவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, திருத்திய தாளுடன் திண்டிவனம் போனேன். அவருடைய அலுவலகம் என்பது மாடியில் ஒரு அறை. எட்டு தையல் மிஷின்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. சுவரில் என் அட்டவணை. நான் போட்ட நட்சத்திரத்தைச் சுற்றி சிவப்பு மையில் பெரிய வட்டம்.

"இது என்னங்க வட்டம்?"

"ஸ்டார் போட்டிருந்துச்சே மேடம், ஏதோ ஸ்பெஷல்னு நெனச்சுக்கினேன். ஏன், இல்லியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் எதையும் கூட்டவுமில்லை, கழிக்கவுமில்லை. அச்சில் தப்பு என்று சொல்லிப் புதுத் தாளைக் கொடுத்து, பழையதை நானே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் படி இறங்கும்போது கல்யாண நாள் கண்முன் வந்தது. தாரை வார்க்கும் நேரத்தில் பெண்ணின் அப்பா நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்று அங்கே ஒரு நட்சத்திரம் போடலாம். கூடியிருக்கும் எல்லோருக்கும் கழிக்கத் தெரியும். பிறகு அந்த வீட்டில் மகள் என்ன பேசினாலும் அவர்கள் முள்ளைப் பார்ப்பார்கள்.

நேராகப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் மல்லாட்டையை உடைத்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் முழுவதையும் சொன்னேன், கணக்கெடுப்பு டீச்சர் வரைக்கும். அவர் கை நின்றது. அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்குத் தைரியம் இல்லை.

"அந்த டீச்சர் யாரோ எவரோ. அவங்ககிட்ட சொன்னீங்க. பொண்ணு குடுக்கற எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"அவங்க வெளிய சொல்ல மாட்டாங்கன்னு தெரியுங்க. அதுக்குச் சட்டம் இருக்கு."

அவர் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"சட்டம் இல்லன்னா நாங்க மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவோமா? உக்காருங்க மொதல்ல."