அல்பியன் லொறியில் எட்மண்டனுக்கு

1993 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை 9.10க்குக் கோலியர்ஸ் வுட்டிலிருந்து புறப்பட்டோம். போய்ச் சேர வேண்டிய இடம் வட லண்டனில் எட்மண்டன். பதினேழு மைல். சுரங்க ரயிலும் பஸ்ஸுமாகப் போனால் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். நாங்கள் போனது 1957இல் செய்யப்பட்ட அல்பியன் லொறி ஒன்றில். லண்டனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெருவழியே நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் பயந்த சுபாவம் உள்ளவள். ஆகையால் இந்தக் கட்டுரையில் கட்டடங்களைவிடப் பயம்தான் கூடுதலாக வரும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் நடேசன் யாழ்ப்பாணத்தில் லொறிச் சாரதியாக இருந்தவர். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு பதினொரு வருடம் கொழும்புக்கு ஓடியவர். அங்கே அவர் ஓட்டியதும் ஓர் அல்பியன்தான். லண்டனுக்கு வந்து அவருக்குக் கிடைத்த வேலையோ, ஒரு லொறிக் கம்பனியின் முற்றத்தில் லொறி கழுவுவது. கம்பனியின் பெயரை எழுதவில்லை; அவர்கள் இன்றும் தொழில் செய்கிறார்கள். இப்போதைய முதலாளியின் பாட்டன் குதிரை வண்டியில் நிலக்கரி ஏற்றித் தொடங்கியவராம். பிறகு லொறிகள் வாங்கி, தேம்ஸ் துறைமுகத்திலிருந்து சீனியும் மரமும் ஏற்றியிருக்கிறார். துறைமுகம் மூடப்பட்ட பிறகு பழைய லொறிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மூன்றை மட்டும் பேரன் விற்க மனமில்லாமல் கொட்டகையில் வைத்திருந்தார்.

அதில் ஒன்று இந்த அல்பியன். கரும்பச்சை நிறம். கதவில் பாட்டனின் பெயர் பொன் எழுத்தில், அதற்குக் கீழே மூன்றே இலக்கத்தில் ஒரு டெலிபோன் நம்பர். முன்புறம் ரேடியேட்டரின் தலையில் உதயசூரியன். எங்கள் ஊர்த் தேர்தலில் நாங்கள் புள்ளடி போட்ட சின்னமும் அதுதான். அதற்குப் பிறகு யுத்தத்தில் நடந்தவை எல்லாம் நினைவுக்கு வர, எனக்கு அந்த லொறியை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

பழைய லொறிகளின் ஊர்வலம் ஒன்றுக்காக அந்தப் பொன் எழுத்துகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. எழுதுகிற பெயின்டர் எட்மண்டனில் இருந்தார். கம்பனியின் இளம் சாரதிகளுக்கு அந்தக் கியரை மாற்றத் தெரியவில்லை. ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து போட வேண்டும். பிழைத்தால் பற்கள் நறநறவென்று கத்தும். வாளியோடு நின்ற என் கணவர் ஏறி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முனகல்கூட இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். முதலாளி லொறிச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கையில் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். இவ்வளவு பழைய லொறியை வெறுமையாக ஓட்டினால் கார் லைசென்ஸ் போதும். ஒரு செங்கல் ஏற்றினாலும் பெரிய லைசென்ஸ் வேண்டும். ஆகவே ஒன்றும் ஏற்றாதே.

என் கணவரிடம் இருந்தது கார் லைசென்ஸ்தான். எங்கள் அகதி விண்ணப்பமோ நாலாவது வருடமாக முடிவில்லாமல் கிடந்தது. "பொலிஸ் கேஸ் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம்" என்று வழக்கறிஞர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். கேஸ் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். இடப்பக்கக் கண்ணாடி உள்ளங்கை அளவுதான் என்பதால் அந்தப் பக்கம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் நான் ஏறினேன்.

எட்மண்டன் வடக்கே இருக்கிறது. லொறி தெற்கே திரும்பியது.

"இஞ்சேருங்கோ, எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

"தோர்ண்டன் ஹீத்துக்கு. யோகன் வீட்டை. அவன் இண்டைக்கு எட்மண்டனுக்கு வீடு மாறுறான். கொஞ்சச் சாமான் கிடக்காம்."

"ஏத்தக் கூடாதெண்டெல்லோ முதலாளி சொன்னவர்?"

"பதினேழு மைலுக்கு லொறியை வெறுமனே ஓட்டச் சொல்லுறீரோ? அப்பிடி ஒருத்தன் ஓடுவானோ?"

இதை லண்டன் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எங்கள் ஊர் லொறிக்காரர் வெறும் லொறி ஓட்ட மாட்டார்கள். கொழும்பில் திரும்பும் சாமான் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் லொறிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக் கிடந்து, தேங்காயாவது ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள். வெறுமனே வந்தவனைச் சந்தியில் கண்டால் மற்றவர்கள் நக்கலடித்தே கொன்றுவிடுவார்கள். முதலாளி சொன்னது என் கணவரின் காதில் ஏறியது, புத்தியில் ஏறவில்லை. சும்மா போகிற லொறியில் சிநேகிதனின் சாமானை ஏற்றாமல் விடுவதுதான் அவருக்குக் குற்றமாகப் பட்டது.

9.40க்கு யோகன் வீட்டு வாசலில் நின்றோம். கொஞ்சச் சாமான் என்பது ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு மெத்தை, ஒரு தையல் மெஷின், ஆறு மூட்டை அரிசி, கலியாணச் சமையலுக்கு வைக்கிற அளவில் ஒரு கிடாரம். யோகனும் அவருமாக ஏற்றி, மேலே தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடிக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். மழைக்கு என்றார் யோகன். வெயிலில் கண் கூசியது. சாமானை மறைக்கத்தான் அந்தப் படங்கு என்பது மூன்று பேருக்கும் தெரியும். யோகன் குடும்பத்தோடு ரயிலேறிவிட்டார்.

10.30க்குப் பிறகு நோர்பரி, ஸ்ட்ரெதம் வழியாக வடக்கே. மணிக்கு இருபத்தைந்து மைல் வேகம். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் எஞ்சின், மேலே ஒரு மூடி. அதன் சூட்டில் என் வலது முழங்கால் வெந்தது. டீசல் மணத்தில் தலை சுற்றியது. பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒவ்வொரு ஹோர்னுக்கும் நான் கண்ணை மூடினேன்; அதனால் இடப்பக்கம் பார்க்கிற வேலையையும் சரியாகச் செய்யவில்லை.

ஸ்ட்ரெதமில் ஒரு கிழவர் நடைபாதையில் நின்று எங்களை நோக்கிக் கையை உயர்த்தினார். ஏதோ கழன்று விழுந்துவிட்டது, அதைத்தான் காட்டுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சத் தூரம் போக இன்னொருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பிரிக்ஸ்டன் சிக்னலில் நின்றபோது ஒரு சிமெந்து லொறியின் சாரதி எட்டிப் பார்த்து, தன் தகப்பன் இதே மாதிரி ஒன்றில் பியர்ப் பீப்பாய் ஏற்றியவர் என்றும், குளிர்காலத்தில் அந்த எஞ்சின் மூடியில் வைத்துத்தான் இறைச்சிப் பணியாரம் சூடாக்குவார் என்றும் கத்திச் சொன்னார். அப்போதுதான் விளங்கியது, எல்லாரும் லொறிக்குத்தான் கை காட்டுகிறார்கள் என்று. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுப் பதிலுக்கு ஆட்டத் தொடங்கினார். வாளியைப் பிடித்த கைக்கு ஒரே நாளில் இவ்வளவு மரியாதை.

11.50 இருக்கும். லண்டன் பாலத்தைக் கடந்தோம். ஆற்றைப் பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினேன். முன்னால் தெருவில் ஆரஞ்சு நிறக் கூம்புகள். அவற்றுக்குப் பக்கத்தில் பொலிஸ்.

அந்த ஏப்ரலில்தான் பாலத்துக்கு அப்பாலுள்ள வங்கித் தெருக்களில் ஒரு லொறியில் வைத்த குண்டு வெடித்திருந்தது. படங்கு மூடிய பழைய லொறி ஒன்று அதே பக்கமாக வந்தால் நிறுத்தாமல் விடுவார்களா? குண்டுகளுக்குத் தப்பி ஓடிவந்த எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. அரிசி மூட்டை அரிசி மூட்டைதானே என்று வந்துவிட்டோம்.

பொலிஸ்காரர் கையை உயர்த்தினார். என் கணவர் சிரித்துக்கொண்டு தானும் கையை ஆட்டினார். ஆட்டியபடியே கூம்புகளைக் கடந்தார்.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு பொலிஸ்காரர் தெருவின் நடுவே ஓடிவந்து இரண்டு கைகளையும் விரித்தார். லொறி அவருக்குப் பத்தடி முன்னால் நின்றது. என் கணவர் எஞ்சினை நிறுத்தினார், திறப்பைக் கண்ணாடிக்கு முன்னால் தெரியும்படி வைத்தார், குதித்து இறங்கினார், லைசென்ஸை ஒரு கையில் பிடித்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார். ஊரில் இராணுவத்தின் சோதனைச்சாவடியில் அப்படித்தான் செய்ய வேண்டும். இந்த ஊரில் இருக்கையிலேயே இருக்க வேண்டுமாம். பொலிஸ்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். நானும் இறங்கினேன்.

எங்களைப் பிரித்தார்கள். ஓர் இளம் பொலிஸ்காரர் அவரை லொறியின் முன்பக்கம் நிறுத்தினார். ஒரு பொலிஸ்காரி என்னை நடைபாதைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அவர் உங்கள் கணவரா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. கொழும்பு ஓடிய லொறிகளில் ஏறும் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆமிக்காரன் பிரித்து வைத்துக் கேட்டால் சாரதிக்குப் பயணியைத் தெரியாது, பயணிக்குச் சாரதியைத் தெரியாது. ஒருவர் பிடிபட்டால் மற்றவர் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோக வேண்டும். கலியாணம் முடித்த மூன்றாம் மாதம், வவுனியாவுக்கு வரும் வழியில், எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் இவர்தான். இரண்டு தரம் அவரைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அவரும் என்னைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு தரமும் இருவரும் வீடு வந்து சேர்ந்தோம்.

"பிறகு ஏன் லொறியில் இருந்தீர்கள்?"

"பஸ் வரவில்லை. லிப்ட் தந்தார்."

பெயர் கேட்டாள், சொன்னேன். விலாசம் கேட்டாள். பொய் விலாசம் ஒன்று சொல்ல எனக்கு லண்டனில் இன்னொரு தெருவும் தெரியாது. எங்கள் வீட்டு விலாசத்தையே சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு லொறிப் பக்கம் போனாள். இளம் பொலிஸ்காரர் குறிப்பெழுதிய கொப்பியையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நீங்கள் தன் மனைவி என்று அவர் சொல்கிறார். விலாசமும் ஒன்றுதான். அவர் உங்களை வெருட்டி வைத்திருக்கிறாரா? பயப்படாமல் சொல்லலாம்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இந்த மனிசன் ஏன் உண்மையைச் சொன்னார்? இனி இரண்டு பேரும் அகப்பட்டோம், செய்தி சொல்லவும் ஆளில்லை. பிறகுதான் அவள் கேட்டதன் அர்த்தம் உறைத்தது. என் பொய்யால் இவரைப் பெண் கடத்துகிறவர் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். லொறியின் உதயசூரியனுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நான் இல்லை என்று சொன்னதை அவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"கணவர்தான். பொய் சொன்னேன். உங்களுக்குப் பயந்து சொன்னேன்," என்றேன்.

பொலிஸ்காரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றாள்.

படங்கை அவிழ்த்தார்கள். நாய் ஒன்று ஏறி அரிசி மூட்டைகளை முகர்ந்தது. கிடாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவர் மற்றவரைப் பார்த்தார். குண்டு இல்லை என்று தெரிந்ததும் குரல்கள் தணிந்தன; ஆனால் லைசென்ஸ் விஷயம் வெளியே வந்தது. ஏழு நாளைக்குள் பத்திரங்களைப் பொலிஸ் நிலையத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். கேஸ் வருமா வராதா என்பது பிறகுதான் தெரியும் என்றார்கள். சாமானோடு ஓடக் கூடாது என்பதால் பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில் எல்லாவற்றையும் இறக்கினோம். எட்மண்டனில் யோகனுடைய புது வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்கு டெலிபோன் பண்ணினோம். அவர் வாடகை வான் ஒன்று பிடித்துக்கொண்டு வர 2.30 ஆகிவிட்டது. அதுவரை ஃபிரிட்ஜுக்கு ஒரு பக்கம் என் கணவரும் மறுபக்கம் நானும் நின்றோம்.

2.45க்கு வெறும் லொறியோடு புறப்பட்டோம். பாரமில்லாத பின்பக்கம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடதடவென்று அடித்தது. ஷோரடிச், டால்ஸ்டன். தெருவில் யாரோ கை காட்டினார்கள். அவர் கையை வெளியே விடவில்லை. ஸ்டோக் நியூயிங்டன் தாண்டிய பிறகு நான்தான் தொடங்கினேன்.

"ஏன் உண்மையைச் சொன்னனீங்கள்?"

கியரை மாற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தெரியாதெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அந்தப் பொலிஸ்காரன் என்னைச் 'சேர்' எண்டு மரியாதையாக் கூப்பிட்டவன். 'சேர், அது உங்கடை மனுசியோ' எண்டு. ஓமெண்டு வந்திட்டுது."

"நீங்கள்தானே எனக்குப் பழக்கினது."

"ஓம். நான்தான் பழக்கினது." டொட்டன்ஹாமில் ஒரு சிக்னலில் நின்றபோது, "ஆனா இண்டைக்கு உம்மடை வாயாலை அதைக் கேக்க ஏலாமல் இருந்தது," என்றார்.

3.50க்கு எட்மண்டன். பெயின்டர் லொறியைச் சுற்றி வந்து, கதவு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, பயணம் எப்படி என்று கேட்டார். நல்ல பயணம் என்றார் என் கணவர். ரயிலில் திரும்பினோம், இருவருக்கும் ஐந்து பவுண் அறுபது. ஊரில் லொறிப் பயணம் முடிந்தால் வீட்டில் உள்ளவர்கள் வாசலுக்கு வந்து எண்ணிப் பார்ப்பார்கள், போன ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று. இங்கே கதவைத் திறந்து நாங்களே விளக்கைப் போட்டுக்கொண்டோம்.

கேஸ் வரவில்லை, எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான் வந்தது என்பதையும், முதலாளி மூன்று மாதம் திறப்பைக் கண்ணில் காட்டவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறாம் நாள் அந்தத் துண்டோடு டூட்டிங் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. வர வேண்டாம் என்று என் கணவர் சொல்லியும் நான் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரர் லைசென்ஸை வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் இவரோடு வந்தவரா?" என்று கேட்டார். கணவர் என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஓர் இங்கிலிஷ் சொல்லும் வரவில்லை.

"ஓம்," என்றேன்.