பின்கதவில் பற்பசை

அந்த வெள்ளைக் கார் எங்கள் வீட்டு வாசலில் முப்பத்தெட்டு நாள் நின்றது. ஒரு நாள்கூட நாங்கள் அதில் ஏறி எங்கும் போகவில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் அதைக் கழுவினோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. தேவாரத்தில் இருந்தோம். கார் வந்த மறுநாள், எங்கள் வீட்டில் கார் வாங்கிவிட்டார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா அதைக் கேட்டதும், "அது நம்ம காரு இல்ல, ஒங்க அத்த காரு" என்றாள். அத்தையிடம் போய்க் கேட்டேன். "என் காரு இல்ல பாப்பா, மாப்பிள்ளைக்குக் குடுக்குறது" என்றாள். அப்பாவோ, வெளியில் யாராவது கேட்டால் அன்பளிப்பு என்று மட்டும் சொல்லவேண்டும் என்றார். அப்பாவிடம் பணம் வாங்கிப்போய் அதை மதுரையில் பார்த்து எடுத்து ஓட்டி வந்தவர், மாப்பிள்ளையின் அக்காவைக் கட்டிய பெரியகுளத்துக்காரர். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டியதில், அது யாருடைய கார் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள், கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லையாம். அதற்கு முன்னால் மூன்று இடங்கள் வந்து தட்டிப் போயிருந்தன. "இதும் போச்சுன்னா அவ்வளவுதான்" என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

ஆடியில் வண்டி எடுக்கக்கூடாது என்பதால் ஆனிக் கடைசியிலேயே காரைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளைப் பேரில் பதிவதற்கான காகிதமெல்லாம் பெரியகுளத்துக்காரர் கையிலேயே இருந்தது. சாவியை அப்பாவிடம் கொடுத்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தண்ணி ஊத்தித் தேய்க்க வேணாம்ணே. துணியால தட்டிவிட்டாப் போதும். புது வண்டி."

ஆடிக் காற்றைப் பார்த்தவர்களுக்கு அது நடக்காத காரியம் என்று தெரியும். மலையிலிருந்து இறங்குகிற காற்று தெருவிலுள்ள செம்மண் முழுவதையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டும். காருக்குப் போட்டிருந்த உறை இரண்டாம் நாளே பறந்து பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையைச் சுற்றிக்கொண்டது. காலையில் பார்த்தால் வெள்ளைக் கார் செங்கல் நிறத்தில் நிற்கும்.

அத்தை காருக்குள் இருந்த புத்தகத்தை எடுத்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். தூசியைக் காய்ந்த துணியால் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும், முதலில் தண்ணீரால் இறக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தேனிக்குப் போய்க் கார் ஷாம்பூவும் பாலிஷும் மெத்தென்ற மஞ்சள் துணிகளும் வாங்கி வந்தாள். நுரைக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி. மேலிருந்து கீழே வரவேண்டும். சக்கரத்தைத் தொட்ட துணி மேலே படக்கூடாது. வெயில் ஏறுவதற்குள் துடைத்து முடித்துவிட வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷால் விளக்கைச் சுற்றியும் சீட்டுக்கு அடியிலும்கூடத் தேய்ப்பாள். தெருவில் போகிறவர்கள், "என்ன டீச்சர், காரு மேல இம்புட்டு ஆசையா?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுத் தேய்ப்பாள்.

என் வேலை தண்ணீர் மொண்டு கொடுப்பதும் சக்கரம் துடைப்பதும். அதற்கு மேல் கை போகக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு போன் வந்து உள்ளே போனாள். நான் இடதுபக்கப் பின்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்கதவின் அடியில், என் கண்ணுக்கு நேரே, கடுகு அளவுக்கு ஒரு பொருக்கு தெரிந்தது. அத்தை விட்டுவிட்ட அழுக்கு என்று நினைத்தேன். துணியால் தேய்த்தேன், போகவில்லை. அடுப்படிக்கு ஓடி, பாத்திரம் விளக்குகிற கம்பி நாரை எடுத்துவந்து தேய்த்தேன். அவித்த முட்டையின் ஓடு உரிவதுபோல, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளை உரிந்து வந்தது. அடியில் இரும்பு இல்லை. மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ மாவு உதிர்ந்தது.

புதுக் காரைப் புண்ணாக்கிவிட்டேன். பல்பசையை எடுத்துவந்து அந்த இடத்தில் அப்பி, விரலால் தடவி மட்டமாக்கினேன். தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை.

மறுநாள் காலை அத்தை நுரைத் துணியோடு அந்தக் கதவருகே வந்தபோது நான் வாளிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பல்பசை கரைந்து ஓடியது. அத்தை குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தண்ணி" என்று மட்டும் சொன்னாள். நான் மொண்டு கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பார்த்தபோது அந்த இடத்தில் பல்பசை இல்லை. மதிப்பெண் பட்டியலில் தப்பாக எழுதியதை அழிக்க அத்தை வைத்திருந்த ஒயிட்னர் பூசப்பட்டு, அதன்மேல் பாலிஷ் போட்டிருந்தது. என்னுடையதைவிட எவ்வளவோ நேர்த்தியான வேலை. அத்தை என்னைத் திட்டவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, என் குற்றத்தை மூடி மறைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன். காலையில் கழுவினால் ஒயிட்னர் கொஞ்சம் பெயரும், சாயங்காலம் மறுபடி பூசப்பட்டிருக்கும். நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியகுளத்துக்காரர் பத்திரிகை விஷயமாக வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா பெருமையாக, "வண்டியப் பாருங்க, எந்தங்கச்சி எப்படி வச்சிருக்கான்னு" என்று அவரை வாசலுக்குக் கூட்டிவந்தார். ஈரம் காயாமல் கார் பளபளவென்று நின்றது. அவர் முகம் மாறியது. "தண்ணி ஊத்த வேணாம்னு சொன்னேன்ல" என்றபடியே சுற்றிவந்து, யாரும் காட்டாமலே நேராக இடதுபக்கப் பின்கதவின் முன்னால் வந்து நின்றார்.

கண்டுபிடித்துவிட்டார், இனி அத்தை மாட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது.

"அத்தயத் திட்டாதீக. நாந்தான் கம்பி நார வச்சுத் தேச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் விரலால் காட்டிய இடத்தில் குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டினார். ஒயிட்னர் உதிர்ந்தது, பின்னாலேயே மாவும் உதிர்ந்தது. அப்பாவிடம் வாழைத்தார் ஏற்றுகிற பழைய மினி லாரி ஒன்று உண்டு. மாதத்தில் பாதி நாள் அது டிங்கரிங் பட்டறையில்தான் கிடக்கும். விரலில் ஒட்டிய மாவை அவர் முகர்ந்து பார்த்தார். முன்கதவை முட்டியால் தட்டினார், டங்கென்றது. பின்கதவைத் தட்டினார், பூசணிக்காயைத் தட்டியதுபோலத் தொப்பென்றது.

"இது ஓட்டைய மறைக்கப் பட்டி அப்பிப் பெயிண்ட் அடிச்ச கதவு" என்றார் மெதுவாக.

பெரியகுளத்துக்காரர் தடுமாறவில்லை. "பிள்ள கையில குடுத்தா இப்படித்தாண்ணே ஆகும். எங்கனயாச்சும் இடிச்சு, பக்கத்துல யாரையாச்சும் வச்சுப் பூசியிருப்பாக. புது வண்டிக்கு யாரு பட்டி போடுவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கம்பி நாரால் தேய்த்தது உண்மை. யாரையும் வைத்துப் பூசவில்லை என்பதும் உண்மை. அம்மா என் தோளைப் பிடித்து, "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று உலுக்கினாள்.

"பிள்ளய விடுங்க மதினி" என்றாள் அத்தை. வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றவள் வாசலுக்கு வந்தாள். "அவ ஒண்ணும் செய்யல. நான் அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

பின்கதவைத் திறந்தாள். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். கருகருவென்று புதிதாக வந்த பட்டை, கடைசி இரண்டு சாணுக்குச் சேற்று நிறத்தில் வெளியே வந்தது. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் காய்ந்த வண்டல் இருந்தது. கண்மாய் வற்றியபின் கரையில் இருக்குமே, அதுமாதிரி. கதவைச் சுற்றிய கறுப்பு ரப்பரை விரலால் விலக்கிக் காட்டினாள். அதில் வெள்ளைப் பெயிண்ட் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

"வெள்ளத் தண்ணிக்குள்ள கெடந்த வண்டிண்ணே" என்று அப்பாவிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. கணக்கின் விடையை வாசிப்பதுபோல இருந்தது.

அப்பா விரலிலிருந்த மாவை வேட்டியில் துடைத்தார். பிறகு சாவியைப் பெரியகுளத்துக்காரர் கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போயிருங்க." மாப்பிள்ளைக்கு இது தெரியுமா என்று அப்பா கேட்கும்போதே அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் உட்கார்ந்து ஓட்டியபோதுதான் அந்தக் கார் ஓடுகிற சத்தத்தை நான் இரண்டாம் முறையாகக் கேட்டேன்.

கல்யாணம் நின்றுபோனது. அதன்பிறகு யார் யாரோ பேச வந்தார்கள். கதவுதானே, வேறு மாற்றிக்கொடுக்கிறோம் என்றார்களாம். அத்தை முடியாது என்றாள். பணம் திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. கார் போன அன்று அம்மா நாள் முழுதும் அழுதாள். அத்தை மட்டும் நான்கு தோசை சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை ஏழரை வரை தூங்கினாள். அடுத்த திங்கட்கிழமை பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் வேலை கேட்டாள்.

என்னைக் காப்பாற்றவே, முன்னாடியே பார்த்துவிட்டதாக அத்தை ஒரு பொய் சொன்னாள், அந்தப் பொய்யால் அவள் கல்யாணம் நின்றது என்றே நான் நம்பினேன். யாரிடமும் கேட்கத் துணிவில்லை. சாமி கும்பிடும்போதெல்லாம் அந்தப் பொய்க்காக அவளைத் தண்டித்துவிடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

பதினான்கு வருடம் கழித்து, ஆண்டிபட்டியில் அத்தை வீட்டில் வைத்துத்தான் அவளுக்கு நன்றி சொன்னேன். அவள் அங்கே அரசுப் பள்ளியில் வேலை பார்த்தாள். எனக்காகப் பொய் சொன்னீங்களே என்று ஆரம்பித்ததும், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"எந்தப் பொய்?"

சொன்னேன்.

"அது பொய் இல்ல பாப்பா. சீட்டுக்கு அடியில பிரஷ் போட்ட அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பல்பசை பூசுறதுக்கு ஒரு வாரம் இருக்கும், அதுக்கு முந்தி."

"அப்பறம் ஏன் அப்பாகிட்டச் சொல்லல?"

சிவப்புப் பேனாவை மூடினாள், திறந்தாள்.

"கழுவக் கழுவச் சரியாயிரும்னு இருந்துட்டேன். நீ வாயத் தொறக்கலேன்னா அதுலயே ஏறிப் போயிருப்பேன்."

அந்த நாட்களில், வெயில் ஏறுவதற்கு முன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். கைவலியில் உதடு மடிந்திருக்கும். அவள் காரைத்தான் கழுவுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று நான் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.