இரண்டாவது டெஸ்ட்

மூன்று வருடங்களுக்கு முன், புதுச்சேரி சாரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மாதா கோயில் சாமியார் வந்து ஜெபம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார், வளையல்கூட வாங்கியாகிவிட்டது.

பிரசவத்துக்காக நெல்லித்தோப்பில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன். புது இடம் என்றால் தெரியும்தானே, பழைய ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து எடுப்பார்கள். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தேன். ரசீதை யார் நீட்டினாலும் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுகிற லேப் அது. வேலை முடிந்து வரும்போது வாங்கி வருவது என் கணவர் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை கேட்டேன். "இன்னும் ரெடியாவலியாம்" என்றார். புதன்கிழமையும் அதே பதில். இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஷோரூமில் வேலை அதிகம் போல என்று நினைத்து, மிளகு ரசம் வைத்துக் கொடுத்த அறிவாளி நான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு கவர்களைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். ஒன்று அவருடையது. அதைத்தான் முதலில் பிரித்துக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு எப்படி வந்துச்சு?"

என் ரிப்போர்ட்டில் விடிஆர்எல் என்ற இடத்துக்கு நேராக ‘ரியாக்டிவ்’ என்று இருந்தது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான டெஸ்ட் அது. அந்தப் பெயரையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அவர் போனில் தேடி எல்லாம் படித்து வைத்திருந்தார். "மூணாம் மாசம் எடுத்தப்ப இல்ல. இப்ப இருக்கு. நடுவுல எங்க போன?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கும், மாதா கோயிலுக்கும், என் அம்மா வீட்டுக்கும் போனேன். வேறு எங்கே போவேன்?

மாமியாரிடம் அவர் "மேகநோய்" என்று சொன்னதும் புரிந்துவிட்டது. கத்தவெல்லாம் இல்லை. மறுநாள் காலையில் என் தட்டும் டம்ளரும் மட்டும் தனியாக, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. வளைகாப்புக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "புள்ளைக்கு பிபி ஏறிடுச்சு, கூட்டம் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறையான குரலில் அவர் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

டாக்டரைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் தனியாகத்தான் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இத வச்சு யாரும்மா முடிவு பண்ணது? இது முதல்ல எடுக்கற டெஸ்ட்தான். மாசமா இருக்கறப்ப சில பேருக்கு நோயே இல்லாம இப்படிக் காட்டும். உறுதி பண்ண வேற டெஸ்ட் இருக்கு" என்றார். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். மறுபடி ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஐந்து நாளும் கணவர் ஹாலில் படுத்துக்கொண்டார். குழந்தை உதைக்கும்போது, தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரும். அடக்கிக்கொள்வேன். அவர் என் வயிற்றைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

இரண்டாவது டெஸ்டில் நோய் இல்லை என்று வந்தது. டாக்டரே அவரைக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னார். வரும் வழியில் பிரியாணி வாங்கினார். மாமியார், "மாதாதான் கண்ணத் தொறந்து பாத்தா" என்றார். என் டம்ளர் மறுபடி அலமாரிக்கு வந்தது. மன்னிப்பு மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்தது. என் கன்னத்தில் முதல் சந்தனம் பூசியது மாமியார்தான். போட்டோவில் நான் நன்றாகத்தான் சிரித்திருக்கிறேன்.

அம்மா வீட்டுக்குக் கிளம்ப ஃபைலை அடுக்கும்போதுதான் கவனித்தேன். என் ரிப்போர்ட்டில் செவ்வாய்க்கிழமை தேதி. அவருடையதில், ரத்தம் எடுத்தது புதன் காலை ஏழரை மணி என்று இருந்தது, அதுவும் ஊரின் மறுகோடியில் இருக்கிற ஒரு லேபில். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், லேப் திறக்கும் முன்பே போய் நின்றிருக்கிறார். தனக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னிடம் கேள்வி கேட்க வந்திருக்கிறார்.

"எம்மேல சந்தேகம்னா எங்கிட்டதான கேட்டிருக்கணும். நீங்க எதுக்கு முதல்ல ஓடிப்போய் டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே" என்றார்.

மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. அவளுடைய தடுப்பூசி அட்டை இருக்கும் ஃபைலில்தான் அந்த ரிப்போர்ட்டுகளும் இருக்கின்றன, அவர் எத்தனையோ முறை கிழித்துப் போடச் சொல்லியும். அவர்களுக்கு என் மேல் வந்த சந்தேகத்தைத் தீர்க்க இரண்டாவது டெஸ்ட் ஒன்று இருந்தது. எனக்கு வந்த சந்தேகத்துக்கு எந்த லேபில் போய்க் கை நீட்டுவது என்று இன்று வரை தெரியவில்லை.